34 ஆண்டு ஆட்டமும் 13 மாதக் கணக்கும்

2023 மே 31 அன்று மாலை, எங்கள் கல்லூரிக் கூடைப்பந்துத் திடலில் எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. 1989 ஜூலையில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்து, இடையில் ஒரு நாள்கூட வேறு நிறுவனத்தில் பணியாற்றாமல், அதே திடலிலிருந்து வெளியேறினேன். தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் கலைக் கல்லூரி அது. பெயர் இங்கே தேவையில்லை. ரயில்வேயிலும் வங்கிகளிலும் காவல் துறையிலும் வேலை பார்க்கும் பழைய ஆட்டக்காரர்கள் நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தொந்தி விழுந்தவர்களும் முழங்காலில் பட்டை கட்டியவர்களுமாக இரண்டு அணி பிரித்து ஆடி, என்னை நடுவராக நிற்க வைத்துச் சிரித்தார்கள். அடுத்த வாரம் நிலுவையின்மைச் சான்று வாங்கக் கல்லூரி அலுவலகத்துக்குச் சென்றபோது, கண்காணிப்பாளர் என் முகத்தைப் பார்க்காமல் இரண்டு தாள்களை மேசையில் நகர்த்தினார். முதல் தாளில், என் பெயரில் சரிக்கட்டப்படாத முன்பணம் 11 இனங்கள், மொத்தம் 98,000 ரூபாய் என்று இருந்தது. இரண்டாவது தாள் விளையாட்டுப் பொருள் இருப்புக் குறைவு, 41,200 ரூபாய். இரண்டும் தீரும்வரை பணிக்கொடைக் கருத்துரு மேலே போகாது என்றார். தீர்வதற்கு 13 மாதங்கள் ஆயின.

இதை எழுதுவதற்குக் காரணம் யாரையும் குறை சொல்வதன்று. அந்தத் தாள்களில் இருந்த தொகை எதுவும் பொய்யன்று. முன்பணங்கள் எல்லாமே என் கையெழுத்தில் பெறப்பட்டவைதாம். ஆனால் இப்படி ஒரு நாள் வரும் என்று 1989-இல் யாராவது ஒருவர் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், ஒரு லட்சம் ரூபாயும் ஓராண்டுத் தூக்கமும் மிஞ்சியிருக்கும். என் துறையில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. தமிழ், வேதியியல் போன்ற துறைகளில் பத்துப் பேர் இருப்பார்கள். மூத்தவர் இளையவருக்கு வழி காட்டுவார். பெரும்பாலான கல்லூரிகளில் உடற்கல்வித் துறை என்பதே ஒரே ஒரு மனிதர். அவர் ஓய்வு பெற்றுப் பல மாதங்கள் கழித்துத்தான் அடுத்தவர் வருவார். எனக்கு முன்பிருந்தவரை நான் பார்த்ததே இல்லை. சாவிக்கொத்தை அலுவலக உதவியாளர்தான் கொடுத்தார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பணியின் இரட்டைத் தன்மை புரிவதில்லை. உடற்கல்வி இயக்குநர் என்பவர் நிர்வாகி. எல்லா விளையாட்டுகளுக்கும் பொருள் வாங்குவது, மாணவர் செலுத்தும் விளையாட்டுக் கட்டணத்தைப் பங்கிடுவது, விளையாட்டு விழா நடத்துவது, தகுதிப் படிவங்களில் ஒப்பமிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் தனியே பயிற்சியாளர் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான கல்லூரிகளில் வசதி இல்லாததால், அவர் எந்த விளையாட்டில் தேர்ந்தவரோ அந்த அணிக்கு அவரே பயிற்சியாளராகவும் ஆகிவிடுகிறார். நான் கூடைப்பந்துக்காரன். பள்ளிக் காலத்தில் ஒவ்வொரு மே மாதமும் பெரியகுளம் அகில இந்தியப் போட்டியைப் பார்க்கப் பேருந்தேறிச் சென்று, இந்தியன் வங்கியும் ஐ.ஓ.பி.யும் தெற்கு ரயில்வேயும் ஆடுவதை வாய் பிளந்து பார்த்து வளர்ந்தவன். சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன். அந்தக் கல்லூரியை 1920-இல் தொடங்கிய ஹாரி குரோ பக், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்றவர். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்ததும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான். ஆகவே, தாய்வழிச் சொத்துப் போல அந்த ஆட்டம் எங்களுக்கு வந்தது என்று மாணவர்களிடம் பெருமை பேசுவேன். நெய்ஸ்மித் பிற்பாடு கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்து 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றார் என்பதையும், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே இன்றளவும் அப்பல்கலைக்கழகத்தில் தோல்விக் கணக்கு அதிகமுள்ள ஒரே பயிற்சியாளர் என்பதையும், எங்கள் அணி தோற்ற நாள்களில் மட்டும் சொல்வேன்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த இரண்டு பதவிகளையும் ஒருவரே வகித்த காலம் ஒன்று இருந்தது. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் கல்லூரியில் கிளாரன்ஸ் கெய்ன்ஸ் என்பவர் 1946 முதல் 1993 வரை கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்து 828 ஆட்டங்களை வென்றார்; விளையாட்டுத் துறை இயக்குநராகவும் அவரே இருந்தார். அவரைப் பற்றி முதன்முதலில் படித்தபோது அந்த 828 என்ற எண்தான் என் கண்ணை நிறைத்தது. இப்போது படித்தால், அந்த 47 ஆண்டுகளில் அணியின் பேருந்துச் செலவை யார் எழுதி வைத்திருப்பார்கள் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது.

முன்பண விவகாரம் எப்படி முளைத்தது என்பதைச் சொல்கிறேன். ஓர் அழைப்புப் போட்டிக்கு அணி புறப்படுகிறது என்றால், பன்னிரண்டு ஆட்டக்காரர்களுக்கும் எனக்கும் பயணச் செலவு, தினப்படி எல்லாம் கணக்கிட்டுக் கல்லூரி முன்பணம் தரும். திரும்பி வந்ததும் பயணச்சீட்டு, உணவு ரசீது, ஆட்டக்காரர்கள் ஒப்பமிட்ட தினப்படிப் பட்டியல் ஆகியவற்றை இணைத்துச் செலவுப் பட்டியல் கொடுத்தால், அந்த முன்பணம் சரிக்கட்டப்படும். கேட்பதற்கு எளிமையானது. ஆனால் பெரும்பாலான போட்டிகள் நாக் அவுட் முறையில் நடப்பவை. நான் நான்கு நாள்களுக்குப் பணம் கேட்பேன். அலுவலகம் மூன்று நாள்களுக்குத் தரும். முதல் சுற்றில் தோற்றுவிட்டால் பணம் மிஞ்சும், கணக்கும் நேராக முடியும். வெல்ல வெல்லத்தான் ஆபத்து. 1996-இல் கோயம்புத்தூரில் நடந்த ஒரு போட்டியில் யாரும் எதிர்பாராமல் இறுதிப் போட்டி வரை போனோம். மூன்று நாள் பணத்தில் ஆறு நாள்கள் இருந்தோம். தங்கியது வகுப்பறையில், சாப்பிட்டது ரசீது என்ற சொல்லையே அறியாத ஒரு மெஸ்ஸில். கடைசி இரண்டு நாள்கள் என் மோதிரத்தை அடகு வைத்துச் சோறு போட்டேன். கோப்பையோடு வந்து இறங்கியபோது முதல்வர் மாலை போட்டார். அந்த மகிழ்ச்சியில், கைக்காசு 2,300 ரூபாயைத் திரும்பக் கேட்பது அற்பத்தனமாகத் தோன்றியது. கேட்காமல் விட்டதில் குற்றமில்லை. கல்லூரி தந்த 4,000 ரூபாய்க்கும் செலவுப் பட்டியல் கொடுக்காமல் விட்டேன் பாருங்கள், அதுதான் குற்றம். நம் பணமே கூடுதலாகப் போயிருக்கிறதே, இதில் என்ன கணக்கு என்று நினைத்துவிட்டேன். என் மனத்தில் கல்லூரி எனக்குக் கடன்பட்டிருந்தது. அலுவலகப் பேரேட்டில் நான் கல்லூரிக்குக் கடன்பட்டிருந்தேன். 27 ஆண்டுகள் கழித்து அந்தப் பேரேடுதான் பேசியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ள வேண்டும். முன்பண விண்ணப்பத்தை எப்போதும் இறுதிப் போட்டி நாள் வரை கணக்கிட்டு எழுதுங்கள். சீக்கிரம் தோற்றால் மீதியைத் திருப்பிச் செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது தராத இடத்தில் சாப்பிட நேர்ந்தால், ஆட்டக்காரர்களின் கையில் தினப்படியைப் பணமாகக் கொடுத்து, நாள்வாரியாக அன்றன்றே ஒப்பம் வாங்கிவிடுங்கள். அந்த ஒப்பப் பட்டியலே வவுச்சராகும். ஊர் திரும்பிய பின்பு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், மூன்றாமாண்டு மாணவன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு துபாய்க்குப் போயிருப்பான். ஒரு முன்பணம் சரிக்கட்டப்படாமல் இருக்கும்போது அடுத்த முன்பணத்தைக் கேட்காதீர்கள், அலுவலகம் தந்தாலும்கூட. எனக்குத் தந்தார்கள். அதை என்மீது கொண்ட மதிப்பு என்று எண்ணியிருந்தேன். சரிக்கட்டிய பிறகும், பேரேட்டில் வரவு வைக்கப்பட்ட பக்க எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் 11 இனங்களில் இரண்டுக்கு நான் செலவுப் பட்டியல் கொடுத்தது உறுதியாக நினைவிருக்கிறது. ஆனால் கொடுத்ததற்கு அத்தாட்சி என்னிடம் இல்லை.

இருப்புப் பதிவேட்டின் கதை வேறு. எங்கள் திடல் அப்போது சிமெண்ட் தளம். அதில் தோல் பந்து தாக்குப் பிடிக்காது. ஒரு பருவம் முடிவதற்குள் வழுவழுப்பாகிக் கையில் நிற்காது. ரப்பர் பந்துகூட இரண்டாம் ஆண்டில் உப்பிக் கோணலாகிவிடும். தேய்ந்த பந்துகளை முறைப்படி பயனற்றவை என்று குழு அமைத்துச் சான்றளித்து, முதல்வர் ஆணை பெற்றுப் பதிவேட்டிலிருந்து கழிக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், ஊரிலிருந்து வரும் ஏழைப் பையன் ஒருவன் விடுமுறையில் பழகிக்கொள்ளட்டும் என்று அவன் கையில் கொடுத்துவிடுவேன். ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்க்க ஒரு விரிவுரையாளரை நியமிப்பார்கள். அவர் பதிவேட்டைக் கையில் எடுத்து, "எல்லாம் சரியா இருக்கா பி.டி. சார்?" என்பார். நான் தேநீர் வரவழைப்பேன். அவர் ஒப்பமிடுவார். பதிவேட்டின்படி, நான் ஓய்வு பெற்ற நாளில் எங்கள் கல்லூரியில் 63 கூடைப்பந்துகள் நல்ல நிலையில் இருந்தன. அறையில் இருந்தவை ஒன்பது.

அதைவிடப் பெரிய தொகை, கூடைகளைத் தாங்கும் இரண்டு இரும்புக் கம்பங்கள். சர்வதேசக் கூட்டமைப்பு 2010-இல் திடலின் கோடுகளை மாற்றியது. கூடைக்கு முன்னே, எறியும் அணியினர் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதி சரிவகமாக இருந்தது; அது செவ்வகமானது. அப்பாலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி கிடைக்கும் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. பத்தாண்டுக்கு முன்புதான், இருபது நிமிடப் பகுதிகள் இரண்டாக இருந்த ஆட்டம் பத்து நிமிடப் பகுதிகள் நான்காகி, 30 நொடிக்குள் எறிய வேண்டும் என்பது 24 நொடியாகி, நான் கற்றதையும் கற்பித்ததையும் ஒருமுறை கலைத்து அடுக்கியிருந்தேன். வேகமாக முடிவெடுக்கும் பையன்களைத் தேடத் தொடங்கியது அப்போதுதான். இப்போது எறிபவனை அரை மீட்டர் பின்னுக்கு நிறுத்தினால் கையும் தோளும் பழகுவதற்கு ஒரு பருவம் வேண்டும். பல்கலைக்கழகப் போட்டிகள் புதிய கோட்டில் நடக்கத் தொடங்கிவிட்டன. எங்கள் திடலிலோ பழைய கோடு. ஒப்புதலுக்கு எழுதிய கடிதம் கோப்பில் உறங்கியது. ஒரு சனிக்கிழமை இரவு, விளக்குக் கட்டி, ஆட்டக்காரர்களும் நானும் நூல் பிடித்துக் கோடுகளை நாங்களே வரைந்தோம். பெயிண்டுக்கும் தூரிகைக்கும் என் பணம் 11,400 ரூபாய். அடுத்த ஆண்டு நிர்வாகம் மனமிரங்கிப் புதிய கம்பங்களை நிறுவித் தந்தது. பழைய கம்பங்கள் இரண்டும் உறுதியானவை, துருகூடப் பிடிக்கவில்லை. அவற்றை ஒரு லாரியில் ஏற்றி, எட்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். முதல்வரிடம் வாய்மொழியாகக் கேட்டேன், அவர் தலையசைத்தார். அந்த முதல்வர் காலமாகிவிட்டார். பதிவேட்டில் கம்பங்கள் இன்னும் எங்கள் திடலில் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் மதிப்பு 22,000 ரூபாய்.

தணிக்கைக்கு வந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், மரியாதையாகவே பேசினார். "ஐயா, வேணும்னு கேட்டது நீங்க, வாங்கினது நீங்க, பெற்றுக்கொண்டேன்னு எழுதினது நீங்க, செலவாயிடுச்சுன்னு சொல்றதும் நீங்களே. நடுவுல வேற ஒரு கையெழுத்தாவது இருந்தா நான் உங்களுக்காகப் பேசலாம்," என்றார். அந்தச் சொற்கள் எனக்கு உறைத்த அளவுக்கு எந்தத் தோல்வியும் உறைத்ததில்லை. 34 ஆண்டுகளாக என்னுள் இருந்த பயிற்சியாளர், என்னுள் இருந்த இயக்குநரை ஓர் எழுத்தராகக்கூட மதிக்கவில்லை. அணிக்கு என்ன வேண்டுமோ அதைப் பயிற்சியாளர் செய்துவிடுவார். தாள் வேலையை இயக்குநர் அப்புறம் பார்த்துக்கொள்வார் என்று தள்ளிவிடுவார். அந்த அப்புறம் ஓய்வுக்குப் பின்புதான் வந்தது. ஆகவே பொருள் வாங்கும் குழுவில் உடற்கல்வியோடு தொடர்பில்லாத ஓர் ஆசிரியரையும், கூடுமானால் கணக்குத் தெரிந்த வணிகவியல் ஆசிரியரையும் வற்புறுத்திச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கேள்விகள் எரிச்சலூட்டும், ஊட்டட்டும். பந்து தேய்ந்தால் ஆண்டுக்கு ஒரு முறையாவது கழிவுக் குழு கூட்டுங்கள். எதையாவது யாருக்காவது கொடுக்க விரும்பினால், பெறுபவரின் கடிதம், முதல்வரின் எழுத்து ஆணை, பதிவேட்டில் கழிவுக் குறிப்பு ஆகிய மூன்றும் இல்லாமல் லாரியைக் கூப்பிடாதீர்கள்.

பணி உயர்விலும் இதே பயிற்சியாளர்தான் என்னைக் கவிழ்த்தார். தேர்வு நிலை என்னும் அடுத்த படிக்குப் போக, ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சிகளில் கலந்துகொண்டிருக்க வேண்டும். உடற்கல்விக்கு அந்தப் பயிற்சி எப்போதாவதுதான் அறிவிக்கப்படும். அறிவிக்கப்பட்டால் பெரும்பாலும் எங்கள் போட்டிக் காலத்தில் வந்து நிற்கும். இரண்டு முறை தேர்வாகியும், தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்கு அணியை ஆயத்தம் செய்ய வேண்டும் என்று போகாமல் இருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளிலும் என் மாணவர்கள் பல்கலைக்கழக அணியில் ஆடினார்கள், அவர்களில் ஒருவன் அந்தச் சான்றிதழைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கும் போனான். எனக்கு உயர்வு நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. சம்பள வேறுபாட்டை உட்கார்ந்து கூட்டியபோது எழுபதாயிரத்துக்குக் குறையாமல் வந்தது. வேலைக்குப் போனவனைப் பார்க்கும்போது அது இழப்பாகத் தோன்றுவதில்லை. ஆனால் வகுப்பே எடுக்காமல் உரிய நேரத்தில் உயர்வு பெற்றவர்களை ஆசிரியர் அறையில் பார்க்கும்போது வயிறு எரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகளில், குறைந்தது இரண்டு வாரப் பயிற்சி முகாம்கள் நடத்தியதற்கும் அணிகள் சிறந்து விளங்கியதற்கும் சான்றுகள் கேட்கும் நிலை வந்தது. நான் ஆண்டுதோறும் கோடை முகாம் நடத்தியவன். ஒரு முகாமுக்குக்கூட முன் அனுமதி ஆணையோ, வருகைப் பதிவோ, நிறைவறிக்கையோ என்னிடம் இல்லை. முகாம் நடத்தும் நாளிலேயே அந்த மூன்றையும் உண்டாக்கி, ஒரு படி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டியது நிறைய உண்டு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் ஓர் அரையிறுதியில், துள்ளி இறங்கிய பையனின் முழங்கால் உள்நோக்கித் திரும்பியது. முன் சிலுவைத் தசைநார் அறுந்திருந்தது. தகப்பனார் செங்கல் சூளையில் கூலி. அறுவைச் சிகிச்சைக்கு ஆசிரியர்களிடமும் பழைய மாணவர்களிடமும் கையேந்தினேன். என் பங்கு 18,000 ரூபாய். அவன் நடந்தான், ஆனால் மறுபடி ஆடவில்லை. மாணவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுக்க முடியும் என்பதும், தலைக்கு ஆகும் தொகை ஒரு பனியன் விலைகூட வராது என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. காப்பீட்டில் விளையாட்டின்போது நேரும் காயமும் மருத்துவமனைச் செலவும் உட்படுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விபத்து மரணத்துக்கு மட்டும் பணம் தரும் காப்பீட்டைக் காட்டி ஏமாற்றிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்ய எனக்கு ஒரு பொன்னான வாய்ப்பும் கிடைத்தது. நான் 58 வயதில் 2020 ஆகஸ்டில் ஓய்வு பெற வேண்டியவன். அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 60 ஆக்கியது. 2022 ஆகஸ்டில் அறுபது நிறைந்து, கல்வியாண்டு முடியும்வரை பணி நீட்டிப்பும் வந்தது. இடையில் கொரோனாவால் திடல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கையில் வேலையே இல்லாத அந்த மாதங்களில் பொருள் அறையைத் திறந்து, பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பாதிச் சிக்கல் அப்போதே அவிழ்ந்திருக்கும். நானோ ஆட்டக்காரர்களுக்குக் கைப்பேசியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அறையைத் திறந்தபோது கூரை ஒழுகி, அலமாரியின் அடித்தட்டில் இருந்த வவுச்சர்க் கட்டுகளைக் கரையான் மண்ணாக்கியிருந்தது.

13 மாதங்கள் எப்படிப் போயின என்று விரிவாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. தற்காலிக ஓய்வூதியம் வந்ததால் அடுப்பு எரிந்தது. ஆனால் மகளின் தலைப்பிரசவத்துக்கும் வீட்டின் மேல்தளத்துக்கும் பணிக்கொடையைத்தான் நம்பியிருந்தோம். மனைவியின் நகைகளை வைத்துக் கடன் வாங்கினோம். வட்டி மட்டும் 38,000 ரூபாய் கட்டினேன். கல்லூரிக்கும் உயர் அலுவலகத்துக்குமாக 19 முறை நடந்தேன். என் பெயர் பொறித்த கோப்பைகள் வரிசையாக நிற்கும் முதல்வர் அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும்போது, உள்ளே போகிற இளம் ஆசிரியர்கள் என்னைப் பார்த்து வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தயங்குவார்கள். பணத்தைத் தின்றுவிட்டான் என்று நினைக்கிறார்களோ என்ற எண்ணம் இரவில் உறங்கவிடாது. இதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் நான் செய்த கடைசிப் பிழை. மனைவிதான் ஒருநாள், "ஏங்க, உங்க பசங்க நாப்பது பேர் வந்தாங்களே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள்.

கேட்டேன். வாட்ஸ்அப் குழுவில், 1996 முதல் 2011 வரை நாம் சென்ற போட்டிகளின் பங்கேற்புச் சான்றிதழ் யாரிடமாவது இருக்கிறதா என்று மட்டும் எழுதினேன். இரண்டு வாரங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. ஒருவன் வேலைக்கு விண்ணப்பித்தபோது சான்றொப்பம் பெற்ற படிகளை வைத்திருந்தான். இன்னொருவனின் தாயார் நாளிதழில் அணியின் படம் வந்த பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, அணி அந்த ஊருக்குச் சென்றதும் இத்தனை நாள் ஆடியதும் உண்மை என்று விளக்கக் கடிதம் எழுதி, ஆட்டக்காரர்களின் உறுதிமொழிகளையும் இணைத்துக் கொடுத்தேன். நான்கு முன்பணங்கள், 34,500 ரூபாய், ஏற்றுக்கொள்ளப்பட்டன. மீதி ஏழுக்கு 63,500 ரூபாயும், இருப்புக் குறைவு 41,200 ரூபாயும் சேர்த்து 1,04,700 ரூபாயை என் கையால் செலுத்தினேன். பந்துகளில் பாதியையாவது தேய்மானம் என்று கழிக்கக் கேட்டுப் பார்த்தேன். அதற்கு அந்தந்த ஆண்டுக் குழு அறிக்கை வேண்டும் என்றார்கள். வாதாட என்னிடம் எதுவும் இல்லை. 2024 ஜூலையில் பணிக்கொடை வந்து சேர்ந்தது.

ஓய்வுக்கு ஐந்தாறு ஆண்டுகள் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: என் பெயரில் நிலுவையிலுள்ள முன்பணங்களின் பட்டியலைத் தருக, என்று. பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒப்பம் வாங்குங்கள். பணியில் இருக்கும்போது கேட்டால் அது நிர்வாக வேலை. எழுத்தரே உதவி செய்வார், பழைய கோப்பைத் தேடி எடுத்துத் தருவார். ஓய்வு பெற்ற பின் கேட்டால் நீங்கள் மனுதாரர். எனக்குப் பின் வந்த இயக்குநர் கைப்பந்துக்காரர், முப்பத்திரண்டு வயது. அவரை அழைத்துப் பொருள் அறையில் அரை நாள் உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சார், அடுத்த வாரம் திருச்சியில மேட்ச், மூணு நாள் பணம்தான் தந்திருக்காங்க," என்றார்.

பணிக்கொடை வந்த மறுவாரம், அந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போனேன். விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பார்க்க வேண்டும் என்ற அற்ப ஆசைதான். வேப்ப மரத்தடியில், மண் தரையில், என் கம்பங்கள் நின்றன. ஒரு வளையம் முன்பக்கம் தாழ்ந்திருந்தது. வலை இற்றுப் போயிருந்தது. பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்ட ஆறேழு சிறுமிகள் ரப்பர் பந்தை அதில் எறிந்துகொண்டிருந்தார்கள். டேப் வைத்து அளந்தேன். 3.05 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் முன்விளிம்பு நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. ஊருக்குள் போய் வெல்டரை அழைத்து வந்து வளையத்தை நிமிர்த்தினேன். இரண்டு வலைகள் வாங்கினேன். 280 ரூபாய். பள்ளியின் பெயரில் ரசீது வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார். தலைமையாசிரியை அதில், பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, ஒப்பமிட்டு, நான் கேட்டதற்காகப் பள்ளி முத்திரையையும் குத்தித் தந்தார்.